600005-ஐப் பிரித்து மேய்வோம்: ஒரு பெரிய எண்ணைத் தாளும் பேனாவுமாக அறிய முழுமையான வழிகாட்டி

ஒரு பெரிய முழு எண்ணைக் கொடுத்து அதைப் பற்றிச் சொல்லச் சொன்னால் பலரும் உடனே போனை எடுப்பார்கள். ஆறு இலக்க எண்ணுக்கு அதெல்லாம் தேவையில்லை. ஒரு தாள், ஒரு பேனா, மனப்பாடமான வாய்ப்பாடு, இவை போதும். எந்த எண்ணாக இருந்தாலும் உண்மையில் செய்ய வேண்டிய பெரிய வேலை ஒன்றே ஒன்றுதான்: அதைப் பகா எண்களின் பெருக்கலாகப் பிரிப்பது. அது முடிந்துவிட்டால் அதற்கு எத்தனை வகுத்திகள், அது மிகை எண்ணா குறை எண்ணா, இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா, அதன் தலைகீழ் பின்னத்தில் தசமம் எத்தனை இலக்கத்துக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பது வரை எல்லாவற்றையும் அந்த ஒரு வரியைப் பார்த்தே சொல்லிவிடலாம். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் பிரிப்பதைப் பற்றித்தான்.

பயிற்சிக்கு ஓர் எண் வேண்டும். சென்னைக்காரர்களுக்கு அது முகவரியின் கடைசி வரியிலேயே இருக்கிறது. 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த பின்கோடு முறையில் 6-ல் தொடங்குபவை தமிழ்நாடு, கேரளப் பக்கத்து எண்கள். 600 என்றால் சென்னை. நான் எடுத்துக்கொள்வது 600005, திருவல்லிக்கேணி. 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுவதற்கு முன் ராமானுஜன் குடியிருந்த பகுதிகளில் அதுவும் ஒன்று. அவர் காலத்தில் பின்கோடு கிடையாது என்பது வேறு விஷயம். நீங்கள் உங்கள் பேட்டையின் எண்ணை எடுத்துக்கொண்டு கூடவே போட்டுப் பாருங்கள்.

படி 1: மேலோட்டமாக ஒரு பார்வை

முதலில் வர்க்கமூலத்தைத் தோராயமாகக் கண்டுபிடித்துத் தாளின் மூலையில் குறித்துக்கொள்ளுங்கள். 774 × 774 = 599076; 775 × 775 = 600625. ஆக, 600005-ன் வர்க்கமூலம் 774-க்குக் கொஞ்சம் மேலே. இது எதற்கு? ஓர் எண் இரண்டு எண்களின் பெருக்கல் என்றால் அவற்றில் சின்னது வர்க்கமூலத்தைத் தாண்டாது. எனவே 774 வரை எந்தப் பகா எண்ணாலும் வகுபடவில்லை என்றால், அந்த எண்ணே பகா எண்தான். எவ்வளவு தூரம் தேட வேண்டும் என்பதற்கு இதுதான் எல்லை.

அடுத்து சுலபமான சோதனைகள். கடைசி இலக்கம் 5, ஆகவே 2-ஆல் வகுபடாது, 5-ஆல் வகுபடும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 6 + 5 = 11, ஆகவே 3-ஆல் வகுபடாது. 5-ல் முடியும் வர்க்க எண் எதுவானாலும் 25-ல்தான் முடிய வேண்டும். இது 05-ல் முடிகிறது, ஆகவே முழு வர்க்கமும் இல்லை, 25-ஆல் வகுபடவும் வகுபடாது. எழுதிப் பார்க்காமலேயே இவ்வளவு தெரிந்துவிட்டது.

படி 2: 7, 11, 13 மூன்றையும் ஒரே வெட்டில் சோதிப்பது

பள்ளியில் 7-க்கு ஒரு சோதனை, 11-க்கு ஒரு சோதனை என்று தனித்தனியாகச் சொல்லிக் கொடுப்பார்கள். 7-க்கு உள்ளது யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. அதைவிட நல்ல வழி இருக்கிறது.

7 × 11 × 13 = 1001. இதை ஒருமுறை பெருக்கிப் பார்த்துவிடுங்கள். ஆயிரம் என்பது 1001-க்கு ஒன்று குறைவு. அதாவது 1001-ஆல் வகுக்கும்போது ஆயிரம் என்பது −1 போல நடந்துகொள்ளும். 600005 என்பது 600 ஆயிரமும் ஓர் ஐந்தும். ஆயிரத்தின் இடத்தில் −1 போட்டால் 5 − 600. கூட்டல் கழித்தல் குறி நமக்கு முக்கியமில்லை, 595 என்று வைத்துக்கொள்வோம். இந்த 595 எவற்றால் வகுபடுகிறதோ, 7, 11, 13 ஆகியவற்றில் அவற்றால்தான் 600005-ம் வகுபடும்.

595 = 7 × 85. ஏழு மாட்டிக்கொண்டது. 11-ஆல் வகுத்தால் மீதி 1, 13-ஆல் வகுத்தால் மீதி 10. அவை இரண்டும் இல்லை.

சென்னை எண்களுக்கு இது இன்னும் வசதி. எல்லாமே 600-ல் தொடங்குவதால், 600-லிருந்து கடைசி மூன்று இலக்கத்தைக் கழித்தால் போதும். தி.நகர் 600017: 600 − 17 = 583, அது 11 × 53. ஆக தி.நகர் 11-ஆல் வகுபடும். அண்ணா நகர் 600040: 560, பார்த்தவுடனே ஏழு தெரிகிறது. பேருந்தில் உட்கார்ந்தபடியே மனக்கணக்காகப் போடலாம்.

படி 3: வகுத்துக்கொண்டே இறங்குவது

இப்போது கையில் 5-ம் 7-ம் இருக்கின்றன. எண்ணைச் சின்னதாக்குவோம்.

600005 ÷ 5 = 120001
120001 ÷ 7 = 17143

இங்கேதான் பெரும்பாலோர் 7-ஐ விட்டுவிட்டு அடுத்த பகா எண்ணுக்குப் போய்விடுவார்கள். போகக் கூடாது. வகுபட்ட எண்ணாலேயே இன்னொரு தடவை வகுத்துப் பார்க்க வேண்டும், வகுபடாத வரைக்கும். 17143-ஐ 17 | 143 என்று வெட்டினால் 143 − 17 = 126. அது 7 × 18. ஆக ஏழு மறுபடியும் வருகிறது.

17143 ÷ 7 = 2449
2449: 449 − 2 = 447, 7-ஆல் வகுத்தால் மீதி 6. இனி ஏழு இல்லை.

எண் சிறுத்துவிட்டதால் எல்லையும் சிறுத்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். 2449-ன் வர்க்கமூலம் 49-க்கும் 50-க்கும் நடுவே. 774 வரை தேட வேண்டியிருந்தது இப்போது 47-லேயே முடிந்துவிடும்.

படி 4: மிச்சத்தை உடைப்பது

17, 19, 23, 29 என்று வரிசையாக வகுத்துப் பார்க்கலாம். மீதி முறையே 1, 17, 11, 13. அடுத்து 31-ல் கணக்கு முடிந்துவிடும். ஆனால் பதினேழாம் நூற்றாண்டில் ஃபெர்மா கண்டுபிடித்த இன்னொரு வழி எனக்கு இதைவிடப் பிடிக்கும். பெருக்கலை வர்க்கங்களின் வித்தியாசமாகப் பார்க்கும் வழி அது.

வர்க்கமூலத்துக்கு மேலே உள்ள முதல் முழு எண்ணில் தொடங்கி, ஒவ்வொன்றின் வர்க்கத்திலிருந்தும் 2449-ஐக் கழியுங்கள். மிச்சம் முழு வர்க்கமாக வரும் வரை.

50² − 2449 = 51
51² − 2449 = 152
52² − 2449 = 255
53² − 2449 = 360
54² − 2449 = 467
55² − 2449 = 576

576 என்பது 24-ன் வர்க்கம். ஆக 2449 = 55² − 24² = (55 − 24)(55 + 24) = 31 × 79. இரண்டுமே பகா எண்கள். இரண்டு காரணிகளும் ஒன்றுக்கொன்று கிட்டத்தில் இருந்தால் இந்த வழி வேகமாக முடியும். தூரமாக இருந்தால் கழித்துக் கழித்தே கை ஓய்ந்துவிடும். எப்போது எதைப் பிடிப்பது என்பது நாலைந்து எண்களைப் போட்டுப் பார்த்தால் தானாக வந்துவிடும்.

ஆக, திருவல்லிக்கேணி:

600005 = 5 × 7² × 31 × 79

எதுவுமே வகுபடாவிட்டால்?

பெரம்பூர்க்காரர்கள் இந்நேரம் திணறிக்கொண்டிருப்பார்கள். 600011-ஐ 3 தொட்டு 773 வரை எதனால் வகுத்தாலும் மீதி வரும். 773 வரை மொத்தம் 137 பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையும் தோற்றால்தான் 600011 ஒரு பகா எண் என்று முடிவு கட்டலாம். அது பகா எண்தான். 600000-க்குப் பிறகு வரும் முதல் பகா எண்ணும் அதுவே. திருவல்லிக்கேணிக்குப் பக்கத்தில் உள்ள மயிலாப்பூர் 600004-ஐ எடுத்தால் 4 × 150001 என்று உடனே இறங்கும், ஆனால் அந்த 150001 பகா எண் என்று நிரூபிக்க 383 வரைக்கும் போய்த்தான் ஆக வேண்டும்.

பகா எண்கள் இந்த உயரத்தில் எவ்வளவு அடர்த்தி? 600000-ன் இயல் மடக்கை 13.3. அதாவது இந்தப் பக்கத்தில் சராசரியாகப் பதின்மூன்று எண்ணுக்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும். எண்கள் பெரிதாகப் பெரிதாக இது மெதுவாகக் குறையும்.

நூறு இலக்க எண்ணை இப்படி வகுத்துப் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. அங்கே வேறு சோதனை. p ஒரு பகா எண் என்றால், 2-ஐ p − 1 தடவை பெருக்கி p-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும் (p = 2 மட்டும் விலக்கு). 1 வரவில்லையா, காரணியே தெரியாமல் அதைப் பகு எண் என்று சொல்லிவிடலாம். வந்துவிட்டால் மட்டும் உறுதி இல்லை: 341 = 11 × 31 இந்தச் சோதனையில் பாஸ் ஆகிவிடும். 561 அதைவிட மோசம், தனக்குப் பொதுக்காரணி இல்லாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் பகா எண் போலவே நடிக்கும். ஓட்டை இல்லாத, அதே சமயம் நியாயமான நேரத்தில் முடிகிற சோதனையை 2002-ல் தந்தவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா.

பகா எண்ணா இல்லையா என்று சொல்வது சுலபம், பகு எண்ணை உடைப்பதுதான் கடினம். இணையத்தில் பணப் பரிமாற்றம் போன்றவற்றுக்குக் காவலாக இருந்துவரும் ஆர்.எஸ்.ஏ. முறை இந்த வித்தியாசத்தை நம்பித்தான் நிற்கிறது. அதில் பரவலாகப் பயன்படுத்தும் ஓர் அளவு 617 இலக்கம்.

படி 5: வகுத்திகளை எண்ணுவது

600005-ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் எத்தனை? பட்டியல் போட வேண்டாம். அடுக்குகளைப் பாருங்கள்: 5-க்கு 1, 7-க்கு 2, 31-க்கு 1, 79-க்கு 1. ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டிப் பெருக்குங்கள். 2 × 3 × 2 × 2 = 24.

ஏன் ஒன்று கூட்ட வேண்டும்? ஒரு வகுத்தியை உருவாக்கும்போது 7-ஐச் சேர்க்காமல் விடலாம், ஒருமுறை சேர்க்கலாம், இருமுறை சேர்க்கலாம். இரண்டு ஏழுக்கு மூன்று வழி. "சேர்க்காமல் விடுவதும்" ஒரு வழி என்பதால்தான் அந்த ஒன்று.

பட்டியலும் வேண்டுமென்றால் ஜோடியாக எழுதுங்கள், விட்டுப்போகாது: 1 × 600005, 5 × 120001, 7 × 85715, 31 × 19355, 35 × 17143, 49 × 12245, 79 × 7595, 155 × 3871, 217 × 2765, 245 × 2449, 395 × 1519, 553 × 1085. பன்னிரண்டு ஜோடி, இருபத்து நாலு வகுத்திகள்.

பெரம்பூருக்கு இரண்டே வகுத்திகள். மறுகோடியில் பெருங்குடியைப் பாருங்கள். 600096 = 2⁵ × 3 × 7 × 19 × 47. அடுக்குகளோடு ஒன்று கூட்டினால் 6 × 2 × 2 × 2 × 2 = 96. கடைசி இரண்டு இலக்கமும் 96, வகுத்திகளும் 96! இதற்குப் பின்னால் ஆழமான காரணம் எதுவும் இல்லை, தற்செயல்தான். ஆனாலும் பெருங்குடியில் இருப்பவர்கள் பெருமையடித்துக்கொள்ளலாம்.

படி 6: வகுத்திகளின் கூட்டுத்தொகை

இதற்கும் பட்டியல் வேண்டாம். ஒவ்வொரு பகா எண்ணுக்கும் அதன் அடுக்குகளை 1-லிருந்து கூட்டி, பிறகு பெருக்க வேண்டும்.

(1 + 5)(1 + 7 + 49)(1 + 31)(1 + 79) = 6 × 57 × 32 × 80 = 875520

இதிலிருந்து 600005-ஐயே கழித்தால் 275515. தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை எண்ணைவிடக் குறைவு, ஆகவே 600005 ஒரு குறை எண். பெருங்குடிக்கு அதே கணக்கு 63 × 4 × 8 × 20 × 48 = 1935360; 600096-ஐக் கழித்தாலும் 1335264 மிச்சம். எண்ணைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், அமோகமான மிகை எண். ஆறுக்கு மேற்பட்ட எந்த ஆறின் மடங்கும் மிகை எண்தான் என்பதால் 600006, 600042 எல்லாம் கணக்குப் போடாமலேயே அந்தக் கட்சியில் சேர்ந்துவிடும்.

படி 7: பொதுக்காரணி இல்லாதவை, திரும்பி வரும் தசமம்

1 முதல் 600005 வரை உள்ள எண்களில், அதோடு 1-ஐத் தவிர வேறு பொதுக்காரணி இல்லாதவை எத்தனை? ஆய்லரின் வழி: 4 × (7 × 6) × 30 × 78 = 393120. ஒவ்வொரு பகா எண்ணிலும் ஒன்று குறைத்துப் பெருக்குவது, அடுக்கு கூடுதலாக இருந்தால் மிச்ச அடுக்கை அப்படியே சேர்த்துக்கொள்வது. அவ்வளவுதான்.

இதைவிட சுவாரஸ்யமானது 1 ÷ 600005. இதைத் தசமமாக எழுதினால் எத்தனை இலக்கத்துக்கு ஒருமுறை அதே வரிசை திரும்பும்? போனில் உள்ள கால்குலேட்டரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது, அதன் திரையில் அவ்வளவு இடம் இல்லை. பகாக் காரணிகளால் முடியும். 1/49-ன் தசமம் 42 இலக்கத்துக்கு ஒருமுறை திரும்பும். 1/31-க்கு 15. 1/79-க்கு 13. மூன்றும் சேர்ந்து ஒரே நேரத்தில் தொடக்கத்துக்கு வர மீ.பொ.ம. பார்க்க வேண்டும்: 42, 15, 13-ன் மீ.பொ.ம. 2730. ஐந்து என்ன செய்யும்? பத்தின் காரணி என்பதால் அது சுழற்சியில் சேராது, முன்னால் ஓர் இலக்கத்தை மட்டும் ஒதுக்கிவிடும். ஆக, புள்ளிக்குப் பின் முதல் இலக்கத்தை விட்டுவிட்டால், 2730 இலக்கங்கள் கொண்ட வரிசை ஒன்று முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வரும். 2730 இலக்கம் எழுதாமலேயே இது தெரிகிறது.

படி 8: வர்க்கங்களின் கூட்டல்

இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா என்பதற்கு விதி: 4-ஆல் வகுத்தால் மீதி 3 தரும் பகா எண் எதுவும் ஒற்றைப்படை அடுக்கில் இருக்கக் கூடாது. 7 அப்படிப்பட்டது, ஆனால் அடுக்கு 2, தப்பித்தது. 31-ம் 79-ம் அதே ரகம், அடுக்கு 1. ஆகவே முடியாது. எத்தனை முயன்றாலும் கிடைக்காது, நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மூன்று வர்க்கங்கள் என்றால்? கடைசி மூன்று இலக்கத்தை 8-ஆல் வகுங்கள்: 005, மீதி 5. ஒற்றைப்படை எண்ணுக்கு அந்த மீதி 7 ஆக இல்லாத வரை மூன்று வர்க்கம் நிச்சயம் உண்டு. தேடவும் அதிகம் வேண்டியதில்லை. முதல் படியில் மூலையில் குறித்துவைத்த 774-ஐ எடுங்கள். 600005 − 599076 = 929. அது 529 + 400. எனவே 600005 = 774² + 23² + 20².

பைனரியில் எழுதினால் 10010010011111000101. இருபது இலக்கம், பத்து ஒன்று, பத்து சுழி. பார்க்க அழகு, அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

இதே வழியில் பதின்மூன்று இலக்கம்

திருவல்லிக்கேணிக்கு 24 வகுத்திகள் என்றோமே, இந்த அளவுள்ள எண்ணுக்கு அதிகபட்சம் எத்தனை இருக்கலாம்? 600005-க்குக் கீழே உச்சம் 554400. அது 2⁵ × 3² × 5² × 7 × 11, வகுத்திகள் 216. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும் விட அதிக வகுத்திகள் கொண்ட இப்படிப்பட்ட எண்களைப் பற்றித்தான் ராமானுஜன் 1915-ல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். அவற்றைப் பிரித்தால் 2-லிருந்து பகா எண்கள் ஒன்று விடாமல் வரிசையாக வரும், அடுக்குகள் போகப் போக ஏறாது, கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 ஆகத்தான் இருக்கும். 4-ம் 36-ம் மட்டும் கடைசி விதிக்கு விலக்கு. 600005-ன் பிரிப்பில் 2 இல்லை, 3 இல்லை, பிறகு எப்படி அது அந்தப் பக்கம் போகும்?

கட்டுரையில் அவர் தந்த பட்டியலில் 102 எண்கள். கடைசியாக நிற்பது 6746328388800, அதாவது 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. பயப்பட வேண்டாம், பிரித்தால் இவ்வளவுதான்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

ஐந்தாம் படியை இதில் போடுங்கள். 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10080 வகுத்திகள். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் கையால் போட்ட பட்டியல். அதில் ஒரே ஓர் எண் மட்டும் விட்டுப்போயிருக்கிறது: 293318625600. அதைப் பிரித்து எழுதினால் மேலே உள்ள வரியில் 23 மட்டும் இருக்காது, மற்றதெல்லாம் அப்படியே. வகுத்திகள் சரிபாதி, 5040. விட்டுப்போன எண்ணை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண் வந்துவிடும்.